விருப்பம் யாருடையது?

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கணினி அறிவியல் படித்தவன். பகுதி ஒன்று தமிழுக்காக இரண்டாண்டுகள் என் வகுப்பில் அமர்ந்திருந்தவன். இப்போது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் வேலை பார்க்கிறான். நலம் விசாரிப்புகளுக்குப் பிறகு அவன் கேட்டிருந்தது ஒரே ஒரு சொல். "ஐயா, லீஸ் ஆப்ஷன் என்பதற்குத் தமிழில் நல்ல சொல் வேண்டும். இங்குள்ள தமிழ் நண்பர்களுக்கு அது பற்றிப் பேசப் போகிறேன். அதிகக் கைமுதல் இல்லாமல் வீட்டுத் தொழிலில் இறங்க அதுதான் வழி" என்று எழுதியிருந்தான். தான் சேர்ந்து படித்த ஒரு பயிற்சியின் குறிப்புகளையும் இணைத்திருந்தான்.

சொல் கேட்டால் தமிழாசிரியனுக்கு மகிழ்ச்சி வருவது இயல்பு. அன்றிரவே உட்கார்ந்தேன். ஆனால் ஒரு சொல்லைத் தருவதற்கு முன் அது குறிக்கும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? அவன் அனுப்பிய குறிப்புகளை முழுக்கப் படித்தேன். படித்து முடித்தபோது சொல்லைக் காட்டிலும் பொருள்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதற்கான காரணத்தையே இங்கே எழுதுகிறேன். பொருளியலிலோ அமெரிக்கச் சட்டத்திலோ எனக்குப் பட்டம் கிடையாது. ஒத்தி வீட்டில் வளர்ந்தவன் என்பது மட்டுமே என் தகுதி.

முதலில் பொருள். லீஸ் ஆப்ஷன் என்பது இரண்டு ஒப்பந்தங்களின் கூட்டு. ஒன்று சாதாரண வாடகை ஒப்பந்தம். மற்றொன்று, குறித்த காலத்துக்குள் குறித்த விலைக்கு அதே வீட்டை வாங்கிக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பவருக்குத் தரும் ஒப்பந்தம். இந்த உரிமைக்காக அவர் தொடக்கத்தில் ஒரு தொகை கட்ட வேண்டும். வீட்டை வாங்கினால் அது விலையில் கழியும். வாங்காவிட்டால் திரும்ப வராது. மாத வாடகையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலில் ஒரு பகுதியும் விலையில் கழிக்கப்படும் என்பது ஏற்பாடு. இதிலே ஒரு நுட்பம் உண்டு. விற்பவர் கட்டுப்பட்டவர்; வாங்குபவர் கட்டுப்படாதவர். விருப்பமிருந்தால் வாங்கலாம், இல்லையேல் விட்டுவிடலாம். சட்டம் அறிந்தவர்களுக்கு இது அழகான அமைப்பு. ஏழைக்கு ஒரு தேர்வும் செல்வருக்கு ஒரு கடமையும் எழுதப்பட்டிருப்பது போலத் தோன்றும்.

என் மாணவன் தொடங்க நினைப்பது இந்த எளிய வடிவத்தை அல்ல. அவனுக்குச் சொந்த வீடு கிடையாது. குறிப்புகளில் "சாண்ட்விச்" என்று பெயரிட்டிருக்கும் வடிவமே அவன் மனத்தில் இருப்பது. வீட்டுக்காரரிடம் இவன் வாங்கும் உரிமையோடு குத்தகைக்கு எடுப்பான். அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்குக் கூடுதல் வாடகையிலும் கூடுதல் விலையிலும் வாங்கும் உரிமையோடு விடுவான். நம் தஞ்சைப் பகுதியில் உள்குத்தகை என்பார்களே, அதற்கு ஒரு கிரய வாக்குறுதியைக் கட்டிவிட்டது போல. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கும் நடுவில் இருப்பவன் இவன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என்னுடையவை; முறை குறிப்புகளில் இருப்பது. வீட்டுக்காரருக்கு உரிமைக் கட்டணம் 1,000 டாலர், மாத வாடகை 1,800, மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் விலை 2,85,000 என்று வைத்துக்கொள்வோம். குடிவரும் குடும்பத்திடம் உரிமைக் கட்டணம் 9,000, மாத வாடகை 2,200, அதில் 200 விலையில் கழியும், வாங்கும் விலை 3,15,000. குடும்பம் மூன்றாண்டு முடிவில் வீட்டை வாங்கிவிட்டால் நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? விலை வேறுபாடு 30,000. வாடகை வேறுபாடு 36 மாதங்களுக்கு 14,400. விலையில் கழித்துக்கொடுத்த வாடகைப் பகுதி 7,200 போக, 37,200 டாலர். யாருக்கும் தீங்கில்லை. குடும்பத்துக்கு வீடு, இவனுக்கு லாபம்.

இனி மறுபக்கம். ஒரு குடும்பம் ஓராண்டில் வாடகை தவறி வெளியேறுகிறது. அதன் 9,000 இவனுக்கு. அடுத்த குடும்பம் வருகிறது, இன்னொரு 9,000. அதுவும் ஓராண்டில் போகிறது. மூன்றாவதும் அப்படியே. மூன்றாண்டுகளில் மூன்று குடும்பங்கள் தோற்றால் உரிமைக் கட்டணம் 27,000. வீட்டுக்காரருக்குக் கொடுத்த 1,000 போக 26,000. வாடகை வேறுபாடு 14,400. மொத்தம் 40,400. ஒரு குடும்பம் வென்றால் வருவதைவிட அதிகம்! நடுவே வீடு ஒவ்வொரு மாதம் இருமுறை பூட்டிக் கிடந்தது என்று 4,400 கழித்தாலும் 36,000 நிற்கிறது. வெள்ளையடிப்பு, பழுது என்று இன்னும் சில ஆயிரம் குறையட்டும். அப்போதும் இரண்டு கணக்குகளும் ஏறத்தாழ அருகருகேதான் நிற்கும்.

இந்த இடத்தில்தான் என் கருத்து பிறக்கிறது. ஒரு தொழிலில் எதிரே இருப்பவர் தோற்றாலும் எனக்கு இழப்பில்லை என்ற நிலை இருக்குமானால், அவர் வெல்ல வேண்டும் என்று நான் எவ்வளவு நாள் நினைப்பேன்? முதல் குடும்பத்துக்கு நினைப்பேன். இரண்டாவதுக்கும் நினைக்கலாம். ஐந்தாவது குடும்பம் வரும்போது, வங்கிக் கடன் கிடைக்காது என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிகிற ஒருவரிடம் 9,000 வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதில் எனக்கு உறுத்தல் இருக்காது. கெட்டவனாக மாறியதால் அல்ல. கணக்கு அப்படிப் பழக்கிவிட்டதால்.

அமெரிக்காவில் இது வெறும் ஊகமாக நின்றதில்லை. சிகாகோ நகரத்தின் வரலாறு இருக்கிறது. 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை இடர் மிகுந்தவை என்று ஒதுக்கியது. வங்கிக் கதவு மூடியதும் வேறொரு கதவு திறந்தது. 1950களிலும் 1960களிலும் ஊக வணிகர்கள் வீடுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பல மடங்கு விலைக்குத் தவணை ஒப்பந்தத்தில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்றார்கள். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். பழுதும் வரியும் வாங்கியவர் தலையில். ஒரு தவணை தவறினாலும் கட்டியதெல்லாம் போய்விடும்; அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். 1968-இல் லாண்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் அமைத்துத் தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். சிலர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிலருடைய ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. இத்தகைய தவணை ஒப்பந்தங்களில் வீடு வாங்கியவர்களுக்காக வாதாடிய வழக்குரைஞர் ஒருவரின் மகள் பெரில் சாட்டர், வரலாற்றுப் பேராசிரியர்; 2009-இல் இதைப் பற்றி விரிவான நூல் எழுதியிருக்கிறார்.

தவணை ஒப்பந்தம் வேறு, லீஸ் ஆப்ஷன் வேறு என்று மாணவன் சொல்வான். சட்டப்படி உண்மைதான். ஆனால் இரண்டின் எலும்பும் ஒன்று: வங்கி ஏற்காதவரிடம் விலைக்கு முன்னரே பணம் வாங்குவது, பத்திரத்தைத் தராமலிருப்பது, தவறினால் கட்டியதைத் தக்கவைத்துக்கொள்வது. டெக்சாஸ் மாநிலம் இந்த ஒற்றுமையைக் கண்டுகொண்டது. 2005-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டு, குடியிருப்புக் குத்தகையோடு இணைந்த வாங்கும் உரிமையும் தவணை ஒப்பந்த வகையிலேயே சேர்க்கப்பட்டது.

இன்னொன்றையும் குறிப்புகள் மெல்லத் தாண்டிச் செல்கின்றன. வீட்டுக்காரர் பெயரில் வங்கிக் கடன் இருந்தால் என்ன ஆகும்? வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லும் நிபந்தனை அமெரிக்க வீட்டுக் கடன் பத்திரங்களில் வழக்கமாக உண்டு. 1982-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், மூன்றாண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு இந்த நிபந்தனையிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் வாங்கும் உரிமை சேர்ந்த குத்தகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதாவது வங்கி நினைத்தால் கேட்கலாம். அதுகூட வேண்டாம், குடியிருக்கும் குடும்பம் ஒழுங்காக வாடகை கட்டிக்கொண்டிருக்க, நடுவில் இருப்பவரோ வீட்டுக்காரரோ அந்தப் பணத்தை வங்கிக்குச் செலுத்தாமல் போனால் போதும். வீடு ஏலத்துக்கு வரும். தவறே செய்யாத குடும்பம் தெருவுக்கு வரும்.

இங்கே என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1989-இல் என் அப்பா எங்கள் ஊரில் ஒரு வீட்டை நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒத்திக்கு எடுத்தார். ஒத்தி, போக்கியம் என்றெல்லாம் நாம் சொல்லும் முறை எளிது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும், வாடகை கிடையாது, காலக்கெடு முடிந்ததும் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை விட வேண்டும். ஒற்றி என்பது பழைய சொல். திருவொற்றியூரைப் பாடும்போது ஊர்ப்பெயரையும் அடகையும் சேர்த்துச் செய்யும் சிலேடைகளை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். எங்கள் வீட்டு ஒத்தியில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. மூன்றாண்டுக்குள் மீதியைக் கொடுத்தால் வீட்டை எங்களுக்கே கிரயம் செய்து தருவதாக வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது யோசித்தால் அதுவும் ஒரு லீஸ் ஆப்ஷன்தான். அம்மாவின் வளையல்களும் சங்கிலியும் அந்த நாற்பதாயிரத்துக்குள் இருந்தன.

முத்திரைத்தாளில் எழுதியதுதான், பதிவு செய்யவில்லை. பதிவுச் செலவு வீண் என்று சொன்னவர் வீட்டுக்காரர், ஏற்றுக்கொண்டவர் அப்பா. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் நீங்கலாக, நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கான அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதும், கிரய உடன்படிக்கை மட்டுமே சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்பதும் எங்களுக்குத் தெரியாது. வீட்டின் மூலப்பத்திரம் ஏற்கெனவே ஒரு வங்கியில் இருந்ததும் தெரியாது. வெறுமனே பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றிலும் தெரிந்திருக்காது. இரண்டாம் ஆண்டு வங்கியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாங்கள் அந்த வீட்டின் திண்ணையில் பாத்திரங்களைக் கட்டி வைத்துக்கொண்டு மாட்டுவண்டிக்காகக் காத்திருந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆறாண்டுகளில் சிறுகச் சிறுகப் பதினோராயிரம் திரும்பி வந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர் மோசடிக்காரர் என்று அப்பா கடைசி வரை சொல்லவில்லை. "அவனுக்கும் முடை" என்பார். இப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவர் எங்களை ஏமாற்றத் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் இழப்பு அவரைத் தொடாதபடி அந்தத் தாள் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவே.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு எழுதினேன். அவன் பதில் நியாயமானதாக இருந்தது. "ஐயா, நான் இங்கே வந்தபோது கையில் வேலை இருந்தது, சேமிப்பு இருந்தது, ஆனால் கடன் வரலாறு இல்லை என்று வங்கிகள் திருப்பி அனுப்பின. புதிதாக வருகிறவர், சொந்தத் தொழில் செய்கிறவர், ஒருமுறை நோயில் விழுந்து கடனில் தவறியவர், இவர்களுக்கெல்லாம் மூன்றாண்டு அவகாசம் தருகிற கதவு இது. அதையும் மூடிவிடச் சொல்கிறீர்களா?"

சொல்லவில்லை. அந்தக் கதவு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்றைய விலையை மூன்றாண்டுக்கு நிறுத்தி வைத்து, அதற்குள் கடன் வரலாற்றைச் சீர்செய்துகொண்டு வீட்டை வாங்கிய குடும்பங்கள் இருக்கவே செய்யும். விலை ஏறும் காலத்தில் அந்த நிறுத்தி வைத்த விலையே அவர்களுக்குப் பெரும் வரவு. என் ஆட்சேபம் கதவின் மீது அல்ல. உள்ளே நுழைய முடியாதவரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்குவதன் மீது. தொடங்குகிறவன் சில கட்டுப்பாடுகளைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டால் இந்தத் தொழிலை நேர்மையாகச் செய்ய முடியும் என்றே நினைக்கிறேன். அவனுக்கு எழுதியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

உனக்குச் சொந்தமில்லாத வீட்டை விற்பதாக வாக்குக் கொடுக்காதே. முதலில் ஒரு வீட்டை உன் பெயரில் வாங்கு. அதை வாங்கும் உரிமையோடு குத்தகைக்கு விடு. தாமதமாகும்தான். ஆனால் அடுத்தவர் கட்டாத கடனால் உன்னை நம்பியவர் வெளியேற நேராது. உன் வீட்டின் மீது கடன் இருந்தால், இந்த ஏற்பாட்டுக்கு வங்கியின் இசைவை எழுத்தில் பெறு.

பணம் வாங்குவதற்கு முன் அந்தக் குடும்பத்தை ஒரு கடன் அதிகாரியிடமோ, அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசனை அமைப்பிடமோ அனுப்பு. மூன்றாண்டில் இவர்களுக்குக் கடன் கிடைக்க வாய்ப்புண்டா என்று அவர்கள் சொல்லட்டும். வாய்ப்பில்லை என்றால் வெறும் வாடகைக்கு விடு. நல்ல வாடகை வீடும் ஒரு குடும்பத்துக்குச் செய்யும் உதவிதான்.

விலையை நீ குறிக்காதே. சார்பில்லாத மதிப்பீட்டாளர் குறிக்கட்டும். வீட்டின் நிலையை அவர்கள் சார்பில் ஒருவர் வந்து பார்க்கட்டும். கூரையும் வெப்பமூட்டியும் பழுதானால் அது உரிமையாளரின் செலவு என்று எழுது. வாங்கப் போகிறவர் என்ற பெயரில் அதை அவர் தலையில் கட்டாதே.

ஒப்பந்தத்தின் சுருக்கத்தை மாவட்டப் பதிவகத்தில் பதிவு செய். பின்னால் வருகிற எவருக்கும் அந்தக் குடும்பத்தின் உரிமை கண்ணில் படும். என் அப்பாவுக்கு மறுக்கப்பட்டது இதுதான். வாடகைப் பணம் மூன்றாவது ஒருவர் கைக்குச் சென்று, அங்கிருந்து முதலில் வங்கிக்கும் பிறகு உனக்கும் வரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கொடு.

கடைசியாக, மாணவன் மிகவும் தயங்கிய ஒன்று. அவர்கள் வாங்க முடியாமல் போனால், வீட்டுக்கு நேர்ந்த சேதத்தையும் பூட்டிக் கிடந்த மாதத்தையும் கழித்துக்கொண்டு மீதி உரிமைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடு. "அப்படிச் செய்தால் லாபம் எங்கே ஐயா?" என்று கேட்டான். லாபம் அவர்கள் வீட்டை வாங்கும்போது வரும். அப்போது மட்டும் வரட்டும். அவர்கள் கடன் விண்ணப்பம் போடும் நாளில் நீயும் நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பாய். அந்தக் கவலை உனக்கு இருந்தால்தான் நீ அவர்கள் பக்கம் நிற்கிறாய் என்று பொருள்.

இதெல்லாம் வணிகம் அறியாத தமிழாசிரியனின் உபதேசம் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சட்டம் அனுமதிப்பதைச் செய்வதில் என்ன தவறு, ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பம் இட்டவர் பொறுப்பேற்க வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் இரு தரப்புக்கும் வேறு வழி இருக்கும்போதுதான் கையொப்பம் சமமான கையொப்பமாகும். வேறெங்கும் வீடு வாங்க முடியாதவர் இடும் கையொப்பத்தில் நம்பிக்கை முக்கால் பங்கு, வாசிப்பு கால் பங்கு. என் அப்பா பள்ளி எழுத்தர். தினமும் நூறு தாள்களைப் படித்துச் சரிபார்த்தவர். அந்த ஒரு தாளை மட்டும் அவர் படிக்கவில்லை, நம்பினார்.

இனி சொல். "குத்தகை விருப்புரிமை" என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். சரியான சொல்தான், ஆனால் அதில் யாருடைய விருப்பம் என்பது தெரியவில்லை. "வாங்குரிமைக் குத்தகை" என்று மாற்றி அனுப்பினேன். வாங்கும் உரிமை குடியிருப்பவருடையது என்பது சொல்லிலேயே நிற்கும். பேசுகிற ஒவ்வொரு முறையும் அது பேசுகிறவனுக்கும் நினைவூட்டும் என்பது என் ஆசை. நண்பர்களுக்கான பேச்சைத் தள்ளி வைத்திருப்பதாகவும், முதலில் ஒரு சிறிய வீட்டைத் தன் பெயரில் வாங்கப் பார்ப்பதாகவும் பதில் எழுதியிருக்கிறான். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் வாசக நண்பர்கள் தெரிவிக்கலாம். அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்.